வீடு நேர், படம் சரிவு

எங்கள் தமிழ் ஆட்களுக்குள் வீடு விற்கும் முகவர் ஒருவர் இருந்தார். டிஜிட்டல் கமரா எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். வீட்டு வாசலில் நின்று, கமராவை வானத்தைப் பார்க்கத் தூக்கி, ஒரு சொடுக்கு. அவ்வளவுதான் அவருக்குப் படம். மொன்றியலில் அவர் விற்ற வீடுகள் எல்லாம் மேலே ஒடுங்கி, யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோல் பின்னால் சாய்ந்து நிற்கும். கட்டடக் கலைஞர்களின் அலுவலகம் ஒன்றுக்குக் கட்டடங்களைப் படமெடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கமராவைத் தூக்கினால் சுவர் சாயும், மட்டமாகப் பிடித்தால் நேராக நிற்கும் என்று ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். சனம் சுவரையா பார்க்குது, சமைக்கிற குசினியை அல்லவா பார்க்குது என்று சிரித்தார். அதோடு விட்டுவிட்டேன்.

இந்த மனிதரிடம்தான் என் அண்ணை போய் மாட்டினார். நகரின் லாசால் பகுதியில் வாடகை வீட்டில் இருந்து அலுத்துப்போயிருந்தவர். அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு பழைய இரண்டு மாடிச் செங்கல் வீடு அவர் மனதைப் பிடித்துவிட்டது. அவர் மனைவிக்கு, என் மச்சாளுக்கு, அந்த வீட்டில் விருப்பமே இல்லை; இவர்தான் விடாப்பிடியாக நின்றார். கையெழுத்து வைக்குமுன்பே ஊருக்கு அனுப்ப நல்ல படமாக ஒன்று எடுத்துத் தரச் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரியிடம் போன்ஜூர் என்று வணக்கம் சொல்லி, அவளுடைய மேல்மாடி பல்கனியில் முக்காலியை வைத்தேன். எதிரே உள்ள வீட்டின் பாதி உயரத்தில் நின்றால் கமராவைத் தூக்கவே தேவையில்லை. மட்டம் பார்த்து எடுத்தேன். படத்தில் இரண்டு பக்கத்து வீடுகளும் நேராக நின்றன. நடுவில் அண்ணை ஆசைப்பட்ட வீடு மட்டும் இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. கீழே களிமண், அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்க வேண்டும். முகவரின் படத்தில் எல்லாமே சாய்ந்திருந்ததால் இந்தச் சாய்வு ஒருவருக்கும் தெரியவில்லை.

"வீடு நேர்தான், தங்கச்சிக்குத்தான் கை நடுங்கிப்போச்சு" என்றார் படத்தைப் பார்த்த முகவர். முக்காலிக்கு ஏது கை? அண்ணையும் தலையாட்டினார். பக்கத்து வீடுகளை விரலால் தொட்டுக் காட்டினேன். ஒரு பரிசோதகரையாவது கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். சொந்தச் சனத்துக்குள் பரிசோதனையா என்று முகவர் முகம் கோணினார். அவர் முகம் கோணியது அண்ணைக்குத் தெரிந்தது, சுவர் கோணியது தெரியவில்லை. எனக்குப் பொறாமை என்றும் ஒரு சொல் விழுந்தது.

அண்ணை வீட்டை வாங்கினார். முகவர் என் படத்தையே கணினியில் கொஞ்சம் திருப்பி, வீட்டை நிமிர்த்தி, சட்டம் போட்டு, குடிபுகுந்த அன்று பரிசாகக் கொண்டுவந்தார். வீடு நிமிர்ந்ததால் பக்கத்து வீடுகள் சரிந்திருக்குமே, அவற்றை வெட்டி எறிந்துவிட்டார். கூச்சம் என்ற ஒன்று அந்த ஆளுக்குக் கிடையாது.

பனி கரையும் காலத்தில் அண்ணை தொலைபேசி எடுத்தார். முன்னறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒற்றை ஆணியில் மாட்டிய அந்தப் படம் கோணலாகவே தெரிகிறதாம். தள்ளிவிட்டால் திரும்பவும் பழையபடி வந்து நிற்கிறதாம். இரண்டாவது ஆணியை எங்கே அடிக்கலாம் என்று கேட்டார். வீடு வாங்கியதிலிருந்து வாய்க்குள் வைத்திருந்ததை நான் கொட்டிவிட்டேன்.

"அண்ணை, அதிலை கை வைக்காதேங்கோ. கதவு நிலைதான் கோணல். அந்த வீட்டிலை நேரா நிக்கிறது அந்தப் படம் ஒண்டுதான்."

சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். அவரோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஓம், தெரியும். உன்ரை மச்சாள் கண்டுபிடிக்க முந்தி அதைக் கதவு மாதிரிக் கோணலா மாட்டவேணும். அதுக்குத்தான் கேக்கிறன்."