மூன்றடி உயரத்தில் பதினோரு துளைகள்

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் குண்டு டீச்சர். ஆள் ஒல்லி. புதிதாகச் சேர்பவர்கள் இரண்டு நாள் குழம்புவார்கள். பிறகு யாராவது பத்தாம் வகுப்புக்கு வெளியே தாழ்வாரச் சுவரைக் காட்டுவார்கள். அங்கே வரிசையாகப் பதினோரு துளைகள். வருடா வருடம் வெள்ளையடித்ததில் விளிம்பு மழுங்கியவை. போர்க்காலத்தில் பாய்ந்த குண்டுகள் என்று டீச்சர் பதினெட்டு வருடங்களாகச் சொல்லிவந்தார்.

அவர் படிக்க விரும்பியது வேதியியல். இடம் கிடைத்தது வரலாற்றில். "நல்லதாப் போச்சும்மா," என்றார் அவருடைய அப்பா. "எல்லாம் நடந்து முடிஞ்சது. நீ புதுசா எதையும் கெடுக்க முடியாது."

போர்ப் பாடத்தின் கடைசி வகுப்பைத் தாழ்வாரத்தில் நடத்துவார். ஒவ்வொருவரையும் துளையில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்வார். வகுப்பில் ஓயாமல் பேசுகிறவர்கள்கூட அந்த நேரத்தில் வாய் திறக்க மாட்டார்கள். அதன் பிறகு ஆளுக்கு ஓர் அரைத்தாள். அதில் மூன்று வரி எழுத வேண்டும். தெரிந்துகொண்டது ஒன்று, தெரியும் என்று நினைத்து ஏமாந்தது ஒன்று, இன்னும் தெரியாதது ஒன்று. மதிப்பெண் கிடையாது.

'போர் கெட்டது' என்று எழுதினால் தாள் திரும்பி வரும். "இது போன வாரமே உனக்குத் தெரியும். இத்தனை வகுப்பு எதுக்கு உட்கார்ந்திருந்த? வேற எழுது."

வேறு எழுதினார்கள். போருக்குப் போன குதிரைகளுக்கு யார் தீனி போட்டார்கள்? தோற்றுப்போனவர்களின் பாடப்புத்தகத்தில் இந்த அத்தியாயத்துக்கு என்ன தலைப்பு? விமானம் வருவது நாய்க்கு முன்கூட்டியே தெரியுமா? அப்போது பரீட்சை நடந்ததா, நடந்தால் யார் திருத்தினார்கள்? டீச்சர் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். பதில் தெரிந்தவை குறைவு.

இந்த வருடம் சுவருக்குப் பலகை வைப்பதென்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். 'போரின் தழும்புகள்' என்று தலைப்பு, கீழே டீச்சர் சொன்ன நான்கு வரிகள், அதற்கும் கீழே டீச்சரின் பெயர். வெள்ளிக்கிழமை திறப்பு. பலகை எழுதி வந்து தலைமையாசிரியர் அறையில் துணி போர்த்திக் காத்திருந்தது.

திங்கட்கிழமை மாலை டீச்சர் வீட்டில் அரைத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்காவது தாள் ஸ்கேலுடையது. அந்தப் பெண் எதையும் அளக்காமல் நம்பமாட்டாள் என்பதால் வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. மூன்றாவது வரியில் எழுதியிருந்தாள்:

'எல்லாத் துளைகளும் தரையிலிருந்து தொண்ணூற்று ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று முப்பதரை. சுட்டவர் அளந்து சுட்டாரா?'

டீச்சர் சிரித்தார். திரும்பப் படித்தார். கணவரிடம் நீட்டினார். அவர் எலக்ட்ரீஷியன். டெஸ்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மூணு அடி உயரம். ஒரு அடி இடைவெளி," என்றார், தாளைத் திருப்பிக் கொடுத்தபடி. "இது தச்சன் வேலை."

"என்னங்க சொல்றீங்க?"

"சென்டிமீட்டர்ல பார்த்தா அரையும் காலுமா வரும். அடியில பாரு, முழுசா வரும். அந்தக் காலத்துல சுவத்துல துளை போட்டு மரக்கட்டையை இறக்குவாங்க. அதுல ஆணி அடிப்பாங்க. நாங்க இப்ப பிளாஸ்டிக்ல பண்றோம், அவ்வளவுதான்."

"நம்ம ஸ்கூலுக்கு ஃபேன் மாட்ட வந்தீங்களே. அப்பவே சொல்லக் கூடாதா?"

"நான் மேல பார்த்துக்கிட்டிருந்தேன். எனக்குச் சம்பளமே மேல பார்க்கத்தான்." கோப்பையை வைத்தார். "ஆமா டீச்சரம்மா, குண்டுன்னு உனக்கு யார் சொன்னது?"

டீச்சர் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார்.

யாரோ சொன்னார்கள். அதில் சந்தேகமே இல்லை. பழைய பியூனாக இருக்கலாம். ஆனால் அவர் டீச்சர் சேர்ந்து நான்கு வருடம் கழித்துத்தான் வேலைக்கு வந்தார். அப்படியானால் பழைய தலைமையாசிரியர்தான். மறுநாள் இடைவேளையில் அவருக்குப் போன் செய்தார்.

"குண்டு விழுந்த சுவர்தானே? நல்லா ஞாபகம் இருக்கு," என்றார் அவர். "நீங்கதானேம்மா எங்கிட்ட சொன்னீங்க. சேர்ந்த வருஷம். நான்கூட அசந்துட்டேன், இத்தனை வருஷமா எனக்கே தெரியலையேன்னு."

டீச்சர் போனைக் கையில் வைத்துக்கொண்டே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார். அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. முதல் வருடம், அறுபது பிள்ளைகள், ஒருவரும் கவனிக்காத வகுப்பு. ஜன்னல் வழியே சுவரைக் காட்டி, "அது என்னன்னு நினைக்கிறீங்க? குண்டா இருக்கலாம் இல்லையா?" என்று கேட்டது. வகுப்பு சட்டென்று அடங்கியது. அடுத்த வருடம் 'இருக்கலாம்' போய்விட்டது போலிருக்கிறது.

பதினெட்டு வருடத்தில் நல்ல டீச்சர் என்று ஒரு பெயர் இருந்தால், அது அந்தச் சுவரிலிருந்து வந்தது. முன்னாள் மாணவர்கள் கடைத்தெருவில் பார்த்தால் முதலில் விசாரிப்பது சுவரைத்தான். ஒருவன் தன் குழந்தையைத் தூக்கிவந்து காட்டிவிட்டுப் போனான்.

அவை குண்டுத் துளைகள் இல்லை என்பதைத் தலைமையாசிரியர் அறையில், பலகை மேல் கிடந்த துணியைப் பார்க்காமல் சொல்ல முயன்றார் டீச்சர்.

"என்ன டீச்சர் இது? ஊருக்கே தெரிஞ்ச விஷயம்," என்றார் அவர்.

"ஊருக்கு நான்தான் சார் சொன்னேன்."

"சரி, குண்டு இல்லைன்னா வேற என்ன?"

"தெரியலை சார்."

"தெரியலைன்னு பலகை வைக்க முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள என்னன்னு சொல்லுங்க, மாத்திடலாம். இல்லைன்னா இது இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

கதவருகே போய்த் திரும்பினார் டீச்சர். "அந்தப் பொண்ணு அளந்துட்டா சார்."

புதன்கிழமை ஸ்கேலும் டீச்சரும் தாழ்வாரத்தில் குந்தினார்கள். கணவர் கொடுத்தனுப்பிய சன்னமான ஸ்க்ரூடிரைவரை முதல் துளையில் விட்டு நெம்பினார் டீச்சர். சுண்ணாம்புப் பொருக்கு உதிர்ந்தது. பிறகு பழுப்பாக ஏதோ நார் நாராக வந்தது. உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்தார். மரம்.

"டீச்சர், மேல ஏதோ இருக்கு," என்றாள் ஸ்கேல். துளைக்கு மேலே நகத்தால் சுரண்டினாள். வெள்ளைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே நீலம். நீலத்தின் மேல் கறுப்பில் ஒரு 4.

"அப்ப ஒண்ணு, ரெண்டு, மூணெல்லாம் எங்கே?"

இடது பக்கம் ஒவ்வோர் அடியாக அளந்து தட்டினார்கள். பூசி மறைத்த துளைகள் மூன்று கிடைத்தன. வலது பக்கம் சுரண்டச் சுரண்ட எண்கள் பதினெட்டு வரை போயின. அதற்குப் பிறகு புதுச் சுவர்.

"குதிரை கட்டியிருப்பாங்களோ?" என்றாள் ஸ்கேல்.

"ஒரு அடிக்கு ஒரு குதிரையா? குதிரைக்கு மூச்சு முட்டும்."

"துப்பாக்கி மாட்டியிருப்பாங்க."

"இருக்கலாம்," என்றார் டீச்சர். சொல்லிவிட்டுத் தன் வாயையே சந்தேகமாகத் தொட்டுக்கொண்டார். "அதையும் பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

பள்ளியின் பழைய பதிவேடுகள் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில், உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் இருந்தன. எந்த நாளில் என்ன நடந்தது என்று அந்தக் காலத் தலைமையாசிரியர்கள் எழுதிவைத்த தடிமனான நோட்டுகள். புதன் மாலை கிடைக்கவில்லை. வியாழன் மதியம், சாப்பாட்டு நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கிடைத்தது. மைப்புட்டி கவிழ்ந்த பக்கத்துக்கு அடுத்த பக்கம். இரண்டே வரி.

'விமான எச்சரிக்கையை முன்னிட்டு ஒன்றாம் வகுப்புக்கு வெளியே இருபத்துநான்கு முளைகள் அடிக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையும் மாற்று உடையும் முகவரிச் சீட்டும் கொண்ட பையை அவரவர் எண்ணில் மாட்டிவைக்க வேண்டும்.'

ஸ்கேல் நோட்டைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு முறை படித்தாள். "முகவரிச் சீட்டு எதுக்கு டீச்சர்? அவங்க வீடு அவங்களுக்குத் தெரியாதா?"

"கண்டெடுக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் டீச்சர். இருவரும் நோட்டைத் தலைமையாசிரியர் அறைக்கு எடுத்துப்போனார்கள்.

தலைமையாசிரியர் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவருக்கே நடந்து வந்தார். துளைகள் அவருடைய இடுப்புக்குக் கீழே இருந்தன. சற்றுக் குனிந்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முழுக்கக் குந்தினார். இப்போது துளை அவர் முகத்துக்கு நேராக வந்தது.

"ஒண்ணாங் கிளாஸா?" என்றார்.

"ஆமா சார், அப்ப இது ஒண்ணாங் கிளாஸ். எட்டணும் இல்லையா."

அவர் 7 என்ற எண்ணை விரலால் தொட்டார். எழுந்திருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். "அந்தப் பலகையை எடுத்துப் பெஞ்சுகளோட போடச் சொல்றேன். நாளைக்கு என்ன சொல்லணுமோ நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

"நான் சொன்னாலும் நல்லா இருக்காது சார்."

"அதனாலதான் உங்ககிட்ட விடறேன்."

வெள்ளிக்கிழமை காலை பள்ளி முழுவதும் தாழ்வாரத்திலும் அதை ஒட்டிய முற்றத்திலும் நின்றது. முன்னாள் மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். குழந்தையைத் தூக்கிவந்தவனும் இருந்தான். டீச்சரின் கையில் ஓர் அரைத்தாள். பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளிடம் வாங்கியவர், இதுவரை ஒன்றும் எழுதிக் கொடுத்ததில்லை.

இரண்டாவது வரியிலிருந்து தொடங்கினார்.

"தெரியும்னு நினைச்சு ஏமாந்தது: இந்தச் சுவத்துல இருக்கிறது குண்டு பாய்ஞ்ச துளை. இதை எனக்கு யாரும் சொல்லலை. நான்தான் உங்களுக்குச் சொன்னேன்."

பின்னாலிருந்து யாரோ "அய்யோ டீச்சர்" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். டீச்சர் காத்திருந்தார். பிறகு முளைகளைப் பற்றியும் பைகளைப் பற்றியும் நோட்டில் இருந்ததை அப்படியே வாசித்தார். கூடுதலாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சிரிப்பு எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிவந்தவன் அதைக் கீழே இறக்கிச் சுவரருகே நிறுத்தினான். துளை அதன் நெற்றிக்கு நேராக இருந்தது.

"இன்னும் தெரியாதது," என்று மூன்றாவது வரிக்கு வந்தார் டீச்சர். தாளைப் பார்த்தார். அங்கே நான்கைந்து கேள்விகள் எழுதி அடித்திருந்தார். அதற்குள் ஸ்கேலின் கை உயர்ந்துவிட்டது.

"டீச்சர், அந்தப் பைங்களை எடுத்துக்கிட்டு ஓடுற மாதிரி ஆச்சா, ஆகலையா?"

"தெரியலை."

"இருபத்துநாலு பேர் பெயராவது எங்கேயாவது இருக்குமா?"

"சேர்க்கைப் பதிவேடு இருந்தா இருக்கும். இன்னும் தேடலை."

ஸ்கேல் கையை இறக்கவில்லை. "மதியானம் தேடலாமா டீச்சர்?"

டீச்சர் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு, மதியம் மாடிப்படிக்குக் கீழே வரச் சொன்னார்.