கழுத்து நட்டு

துறைமுகத்து இழுவைப் படகுகளின் இயந்திர அறையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவன் நான். அங்கே ஒரே வேதம்தான்: ஆடுகிறதா, இறுக்கு. அதிர்வில் எந்த நட்டும் கழன்றுவிடும். அதனால் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று ஸ்பானரோடு போவோம். அந்தக் கையோடுதான் வீட்டுக்கு வந்து என் மோட்டார் சைக்கிளையும் தொட்டேன்.

பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள், தூரப் பயணத்துக்கென்றே செய்தது. அகலமான இருக்கை, இரண்டு பக்கமும் பெட்டி. பிள்ளைகள் இல்லாத எங்கள் இருவருக்கும் வேறு ஊருலாத்தல் கிடையாது. ஆவணியில் மடு மாதா கோவில் திருவிழா, மற்ற லீவு நாட்களில் சில்லுப் போன போக்கு. மனைவி பின்னால் சும்மா இருக்கமாட்டாள். மாதா பாட்டுப் படிப்பாள். கந்தளாய்க் குளக்கட்டு வந்தால் யானை நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். மயிலைக் கண்டால் என் முதுகில் தட்டுவாள். அந்தத் தட்டுக்காகத்தான் அவ்வளவு தூரம் ஓடினேன். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு நாள் கந்தளாய் வீதியில் எழுபதில் போகும்போது ஹாண்டில் தன்பாட்டில் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்ததும் நின்றது. வீட்டுக்கு வந்து ஹாண்டிலின் கழுத்து நட்டை இறுக்கினேன். அடுத்த கிழமை இன்னும் மோசமாக ஆடியது. இன்னும் இறுக்கினேன். முன் ரயரை மாற்றினேன், சில்லைக் கோணல் எடுப்பித்தேன், காற்றைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. இதற்குள் ஒன்றைக் கவனித்தேன். நான் தனியே போனால் ஆட்டம் குறைவு, அவள் ஏறினால் கூடுகிறது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஹபரணைக்குக் கிட்ட வீதியோரம் நிறுத்தி, லொறிக்காரர்கள் பார்க்கப் பார்க்க அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

“உன்ர ஆட்டத்தாலதான் இது ஆடுது. ரெண்டு பேரும் சாகப்போறம். அசையாம இரு.”

அவள் அன்றிலிருந்து அசையவில்லை. பாட்டு நின்றது, தட்டு நின்றது. பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் இருப்பாள். இறங்கினால் கொஞ்ச நேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஹாண்டில் அப்போதும் ஆடியது, நான் அப்போதும் அவளைத்தான் ஏசினேன். இரண்டு வருடம் இப்படி. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கப்பல் இயந்திரம் பிரிக்கிறவன் மோட்டார் சைக்கிள் கராஜுக்குப் போவதா என்ற கெப்பர் வேறு. அது அடங்கித்தான் கிண்ணியாவில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். என்னைவிட வயது குறைந்தவர். அவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினுக்குக் கீழே கட்டை வைத்து முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தினார். ஒரு விரலால் ஹாண்டிலைத் தள்ளினார். தன்பாட்டில் ஒரு பக்கம் சரியவேண்டிய ஹாண்டில், நேராக வந்த இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோலச் சிக்கி நின்றது. என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

“இத யாரு இறுக்கின, அண்ணன்?”

நான்தான் என்றேன்.

“உள்ளுக்குப் பெயாரிங் பள்ளம் விழுந்து போயிட்டு. நீங்க இறுக்க இறுக்கத்தான் இது ஆடியிருக்கு.”

மனைவி ஏறினால்தானே கூடுகிறது என்று கேட்டேன். ஏன்தான் கேட்டேனோ! பின்னுக்குப் பாரம் ஏறினால் முன்பக்கம் இலேசாகும், முன்னுக்கு இருக்கிற பிழை அப்போதுதான் வெளியே தெரியும், அரிசி மூட்டையை ஏற்றினாலும் அப்படித்தான் என்றார். அவள் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்டது. கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள்.

புதுப் பெயாரிங் போட்டார். ஹாண்டில் தன்பாட்டில் சரிகிற அளவுக்கு மட்டும் நட்டை வைத்து நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லி என் வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் விட்டேன். எழுபது. எண்பது. ஹாண்டில் அசையவில்லை. குளக்கட்டில் மெதுவாக்கினேன். மயில் ஒன்று வீதியைக் கடந்து போனது. முதுகில் தட்டு விழும் என்று பார்த்திருந்தேன். விழவில்லை. நிறுத்தித் திரும்பினேன்.

“பிழை என்னிலதான். இனி நீ ஆடலாம், பாட்டுப் படிக்கலாம்.”

“பரவாயில்லை, நீங்கள் ஓடுங்கோ,” என்றாள். “எனக்கு இப்பிடி இருந்து பழகிப்போச்சு.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீடு வரும்வரை மோட்டார் சைக்கிள் நேராக ஓடியது. பின்னால் இருக்கிறாளா என்று இரண்டு தரம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.