ஒரு மார்கழி முழுதும் நான் பேசாதிருந்த கோமதி மேடம்

செவ்வாய்க்கிழமை காலை பூஜை முடித்துக் கற்பூரத் தட்டை இறக்கி வைக்கும்போது, கோமதி மேடத்தின் மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். "ஆன்ட்டி, அம்மா எழுந்திருக்கலை." அதற்கு மேல் அவளுக்குத் தமிழில் வரவில்லை. போய்ப் பார்த்தேன். தூக்கத்திலேயே போயிருந்தார்.

தலைநகரில், எங்கள் கிட்வாய் நகர் குடியிருப்பில் அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரர். மத்திய அரசில், அயல்நாடுகளோடு போடும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களுக்குப் பட்டியல் தயாரிக்கும் பிரிவில் இருந்தார். எந்த விளைபொருளுக்கு இறக்குமதி வரியைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதும் வேலை.

குடிவந்த முதல் வாரமே என் சமையலறைக்கு வந்து, பாமாயிலை எதற்கெல்லாம் ஊற்றுகிறேன், ஜாதிபத்திரி எப்படி இருக்கும் என்று கேட்டார். பட்டியலில் எல்லாமே எட்டு இலக்க எண்களாம். "வெறும் நம்பரைப் பார்த்து வரியைக் குறைக்க மனசு வரலக்கா. ஒருதரம் கையில தொட்டுப் பாத்துக்கிடுதேன்" என்றார். எட்டாவதோடு நின்றவள் நான். அகராதியை வைத்துக்கொண்டு அரசு அறிவிப்புகளைப் படிக்கப் பழகியது அவர் பேச்சைக் கேட்ட பிறகுதான்.

கிழக்கே உள்ள நாடுகளோடு ஓர் ஒப்பந்தம் வந்தது. வருடா வருடம் படிப்படியாக வரி குறைந்தது. கொல்லிமலையில் மிளகு போடும் என் அண்ணன் ஒரு கார்த்திகையில் போன் செய்தார். கப்பலில் வந்த மிளகு சந்தையில் குவிகிறது, வியாபாரி தன் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார். "உன்ற மாடி வீட்டு ஆபீசரம்மாகிட்டக் கேளு, கொடியெல்லாம் அறுத்துப் போட்டறட்டுமான்னு."

நான் கேட்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டேன். மார்கழியில் பெருமாளுக்குப் படைக்கும் பொங்கலைத் தினமும் மூன்று வீட்டுக்குக் கொடுப்பேன். அந்த வருடம் இரண்டே வீடு. முப்பது நாளும் அவர் என் வாசலைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போனார்.

தை பிறந்ததும் அவராகவே வந்து என் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்.

"என்னக்கா, எனக்கும் வரி போட்டுட்டியளா?"

சிரிப்பும் அழுகையுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தன் பக்கம் பேசவே இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்காருபவரும் தன் ஊர் விவசாயிக்காகத்தான் வாதாடுவார், அவர் பொருளுக்கு நாம் கொஞ்சம் வழி விட்டால்தான் நம் பொருளுக்கு அவர் வழி விடுவார் என்றார். "யாரோட பயிரை விட்டுக்கொடுத்தோம்னு எனக்குத் தெரியும்க்கா. அவங்களுக்குத்தான் என்னைத் தெரியாது."

அப்போதுதான் அவர் தலைக்கு மேலே அலமாரியில் என் பாமாயில் டின் கண்ணில் பட்டது. அதே ஒப்பந்தத்தில் வரி குறைந்து வந்த எண்ணெய். போன மாதம் அதன் விலை இறங்கியதைக் கணக்கில் எழுதிவிட்டுப் பெருமாளுக்கு நன்றி சொன்னவளும் நான்தான். அதனால் நிலக்கடலை விலை போகாமல் எந்த ஊர் அண்ணன் அன்று தன் தங்கைக்குப் போன் செய்தாரோ, நான் நினைத்தும் பார்க்கவில்லை. மேடமும் நிமிர்ந்து அந்த டின்னைப் பார்த்தார்.

அண்ணனின் நம்பரைக் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பேசினார். அண்ணன் முதலில் கத்தினார். அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, எந்த மாதம் அறுப்பு, எப்போது வெளி மிளகு வருகிறது, மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வேறெங்கோ விளைந்ததை ஒப்பந்த நாட்டில் விளைந்ததாகப் பொய்ச் சான்றிதழோடு அனுப்பினால் அது சலுகை இல்லை, திருட்டு என்றும் சொன்னார்.

அந்தக் குறிப்பு எந்தக் கோப்பில் சேர்ந்தது, என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. விலை ஏறவில்லை. அண்ணன் பாதிக் கொடியை எடுத்துவிட்டுக் காப்பி நட்டார். ஆனால் பிறகு போன் செய்யும்போதெல்லாம், "அந்தம்மா சௌக்கியமா?" என்று கேட்காமல் வைத்ததில்லை. செவ்வாயன்று செய்தி சொன்னதும், "என்னைய நம்பி எழுதிக்கிட்ட ஒரே ஆபீசரு" என்றார்.

லிஃப்டில் பாடை நுழையாது. படிவழியே இறக்கினார்கள். திருப்பத்தில் மூச்சு வாங்க, என் வாசலில் ஒரு நிமிடம் நின்றார்கள். அந்த முப்பது நாளுக்காக நான் ஒருபோதும் மன்னிப்புக் கேட்டதில்லை, அவரும் கேட்க விட்டதில்லை. குனிந்து அவர் காதருகே அதைச் சொன்னேன். தூக்கியவர்கள் இந்திப் பிள்ளைகள். மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து, முடியும்வரை அசையாமல் நின்றார்கள்.

போய் வாருங்கள், மேடம்.