தலையில் கடலைச் சுமந்த கார்

என் வீட்டுக்காரருக்குத் தெரியாத இஞ்சின் இந்தப் பூமியில் கிடையாது. சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கலாம், பொழுது சாயும்வரை சொல்வார். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர், யாரோ முதலாளி ஏதோ சொல்லிவிட்டான் என்று ரோஷப்பட்டு, புதுப்பட்டினத்துக்கே திரும்பி வந்திருந்தார். வந்த இடத்தில் இஞ்சின் வைத்த படகு இல்லை. அதனால் வயல் பம்புசெட்டு, பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் என்று, என் அம்மியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு வடக்கத்திக்காரர் மாற்றலாகிப் போகும்போது, வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டுக்குப் பார்க்கவும் பல் இல்லை. சந்தை வரைக்கும் போனாலே சோற்றுப்பானை மாதிரி பொங்கும்.

ரேடியேட்டரில் ஓட்டை. மஞ்சள்தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, என் அஞ்சறைப்பெட்டி காலியானது. அன்றைக்குக் கார் கொதித்தபோது, "இன்னா மீன் வாங்கினீங்கோ? கொழம்பு வாசன தூக்குது!" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் அவருக்கு ரோஷம் பிறந்தது. ரேடியேட்டரையே பிடுங்கி எறிந்தார்.

"படகு இஞ்சினுக்கு ரேடியேட்டரு கீதா? இல்ல. கடல் தண்ணி ஒரு பக்கம் உள்ள வரும், சூட்ட எடுத்துகினு இன்னொரு பக்கம் வெளிய போவும். அவ்ளோதான்."

"படகு கடல்ல போவுது. காரு ரோட்டுல இல்ல போவுது?" என்றேன்.

"அதுக்குத்தான்மே மூள வேணும்ன்றது," என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

அந்த மூளை என்ன செய்தது என்றால், டீசல் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்துக் கார் கூரைமேல் வைத்துக் கட்டியது. டிரம்மிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி இஞ்சினுக்குள் போகும். உள்ளே சுற்றி வந்த வெந்நீர் இன்னொரு குழாய் வழியாகப் பின்னால் ரோட்டில் கொட்டும். டிரம்மில் என்ன தண்ணீர்? கடல் தண்ணீர்தான். பத்தடி நடந்தால் ஓசியில் கிடைக்கும்போது நல்ல தண்ணீரை வீணாக்குவானேன்? இரண்டு நாள் சந்தைக்கும் வீட்டுக்கும் ஓட்டிக் காட்டினார். நிறுத்திய இடத்திலெல்லாம் ஊர் ஆடுகள் வந்து பின்பக்கத்து உப்பை நக்கின. ஊரே பாராட்டுகிறது என்று எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் அவர் பாடு, ஆட்டின் பாடு என்று நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் எனக்குச் செங்கல்பட்டிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்தவள் நான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுத் தபால்காரர் முகத்தைப் பார்த்தே வருஷங்கள் ஓடிவிட்டன. வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தவறினால் இனிக் கூப்பிட மாட்டார்கள். காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் தாராளமாகப் போய்ச் சேரலாம்.

"பஸ்ஸா? கருவாட்டுக் கூடைங்களோட இடிச்சிகினா டீச்சர் வேலைக்குப் போவ?" என்றார் அவர்.

"புருசன் காரு வெச்சிகினு கீறான், இவ பஸ்ல போவாளாம்! ஊரு சிரிக்காது?" என்றார் என் மாமியார். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அதைச் சொன்னால் வீட்டில் பெரிய ரகளை ஆகும் என்று வாயை மூடிக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து நானே மடியில் விட்டுக்கொண்டேன், வேறென்ன?

காலையில் கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, கையில் சர்டிபிகேட் பையோடு காரில் ஏறிய பிறகுதான் எனக்கும் ஒரு உத்தியோகம் இருப்பது தெரிந்தது. தண்ணீர்க் குழாயில் ஒரு திருகு இருந்தது, என் ஜன்னலோரம். சூட்டு முள் ஏறினால் நான் கையை வெளியே விட்டு அதைத் திறக்க வேண்டும், இறங்கினால் மூட வேண்டும். "தொற... மூடு... தொறமே, தூங்கறியா?" என்று வழி நெடுக உத்தரவு. ஒவ்வொரு பள்ளத்திலும் கூரையிலிருந்து வங்காள விரிகுடா என் தோளில் தளும்பியது. கஞ்சி போட்ட புடவைக்கு உப்பும் போட்டாயிற்று. சர்டிபிகேட் பையை மட்டும் முந்தானைக்குள் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏழு மணி பஸ்ஸைக்கூட முந்தினோம். அவர் ஹாரனை அழுத்திய அழுத்தில் பஸ்ஸிலிருந்த கோழிகள் பதில் சொல்லின.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் திருகைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கடல் தீர்ந்துவிட்டது. முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. இஞ்சின் தடதடவென்று முனகி, ஒரு பம்புசெட்டுக் கிணற்றோரம் தானாகவே நின்றது. கிணற்றுக்காரர் வந்து பார்த்தார்.

"இன்னா நைனா, காருக்குத் தாகம்னு தலமேல தொட்டி கட்டி வெச்சிக்கீறியா?"

என் வீட்டுக்காரர் அவரிடமே குடத்தை வாங்கி டிரம்மை நிரப்ப ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து நாங்கள் முந்திய பஸ் வந்தது. கண்டக்டர் நல்ல மனுஷன், என் கோலத்தைப் பார்த்து விசில் கொடுத்து நிறுத்தினார்.

"ஏறிக்கிறியாம்மா? இத வுட்டா அடுத்த வண்டி பத்து மணிக்கு மேலதான்."

நான் வாயைத் திறப்பதற்குள், "போய்யா, போ! நீ போறதுக்குள்ள நாங்க போயி டீ குடிச்சினு இருப்போம்," என்றார் என் வீட்டுக்காரர். பஸ் போய்விட்டது. நான் அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் திருகில் கை வைத்தார். இஞ்சின் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் ஆறட்டும். அடுப்புலேர்ந்து எறக்கின மண்சட்டியில பச்சத்தண்ணி ஊத்தினா வெடிச்சிடும்."

"இது இரும்புமே. சட்டியில்ல," என்று திறந்துவிட்டார்.

'டணார்' என்று ஒரு சத்தம். இஞ்சினின் பக்கவாட்டில் விரிசல் விட்டு, ஊற்றிய தண்ணீர் முழுக்கத் தரையில் ஓடியது. கிணற்றுக்காரர் மெதுவாக, "சட்டிதான் போல கீது," என்றார்.

"யோவ்!" என்றேன். கட்டிய நாளிலிருந்து அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு சொன்னவற்றை ஒரு ஆசிரியை எழுதக் கூடாது. அத்தனை வருஷக் காத்திருப்பு என் கண்முன்னால் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அழுதுவிட்டேன்.

அவர் கிணற்றுக்காரரின் சைக்கிளைக் கேட்டு வாங்கிவந்து, "ஏறு," என்றார். செங்கல்பட்டு வரைக்கும் வெயிலில் மிதித்தார். நான் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்கத் திட்டினேன். மேட்டில்கூட இறங்கச் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பத்தைத் தாண்டிவிட்டது. நல்லவேளை, இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசி ஆளாக என்னை உள்ளே விட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். காய்ந்த புடவையில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கருவாட்டுக் கூடையோடு வராதே என்றார் மகராசன், நானே கருவாடாகி வந்து நின்றேன்.

"என்னம்மா இது கோலம்? எதில் வந்தீங்க?" என்றார் நடுவில் இருந்தவர்.

அவ்வளவு கோபத்திலும் அடுத்தவர் முன்னால் என் வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "சொந்தக் கார்ல வந்தோம் சார்," என்றேன்.

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். "சொந்தக் கார் இருக்கிற வீட்டுக்கு இந்த வேலை எதுக்கும்மா? இல்லாத பிள்ளைங்க எத்தனையோ பேர் வெளியில நிக்குது."

என் வீட்டுக்காரரின் மானமா, என் வேலையா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. டிரம், கடல் தண்ணீர், திருகு, ஆடுகள், மண்சட்டி, விரிசல், சைக்கிள், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "அந்த மகானுபாவர் எங்கேம்மா?" என்று கேட்டபடி எழுந்து ஜன்னலுக்கே வந்துவிட்டார்கள்.

வெளியே அவர் குழாயடியில் குனிந்து தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர், மூன்று அதிகாரிகள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டார். ஈரத் தலையோடு, இரண்டு கையையும் உயரக் கூப்பி, வாயெல்லாம் பல்லாக ஒரு வணக்கம் வைத்தார்.

"பிள்ளைங்களுக்கும் இப்படியே கதை சொல்லிப் பாடம் நடத்தும்மா," என்று சொல்லி நடுவில் இருந்தவர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அவர் ஓடிவந்தார். "வேல கெடச்சிதா?"

"கெடச்சிது."

"மூணு பேரும் சன்னலாண்ட வந்து என்னையே பாத்தாங்கமே! என்னப் பத்தி இன்னா சொன்ன?"

"பெரிய மெக்கானிக்குன்னு சொன்னேன்."

அவர் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். பிறகு துண்டை உதறிச் சைக்கிள் கேரியரில் மடித்துப் போட்டு, "ஏறு. பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுடறேன்," என்றார்.