கமாலுதீன் தூக்கிய கை

தண்டையார்பேட்டை தோல் கிடங்கில் பச்சைத் தோலுக்கு உப்புத் தேய்த்துத் தேய்த்தே கமாலுதீனுக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. அத்தரும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். சாயந்திரம் வீடு திரும்பினால், "மொதல்ல போய்க் குளி" என்று சொல்ல மனைவி அஜீசுன்னிசா இருந்தாள். அவள் மவுத்தான பிறகு சொல்ல ஆளில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷம் எங்கள் தெருவில் ஒரு கூட்டம் போட்டார்கள். இருக்கிற பணத்தில் கால்வாயைத் தூர்வாருவதா, தண்ணீர்க் குழாய் போடுவதா என்று பெரிய சண்டை. நாற்றத்தில் சோறு இறங்கவில்லை, கால்வாய்தான் முதலில் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் குழாய் ஜெயித்தது. பக்கத்து வீட்டுக் கமாலுதீனும் குழாய்க்குத்தான் தூக்கியிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை வழியிலேயே மறித்தேன். "இன்னா பாய், உனுக்கு நாத்தம் தெரியாதுன்னா நாங்களும் கலீஜ்லயே கெடக்கணுமா?"

அவர் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது.

"டீக்கடையில நான் போய்க் குந்துனா எல்லாரும் மூக்கப் பொத்திகினு கால்வாயத்தான் திட்றாங்க, நைனா. அது சுத்தமாயிட்டா அப்பால யாரத் திட்டுவாங்க?"