மழையில் ஊதிய ஸ்டீல்

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு வராது. பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தஞ்சோங் காராங் போகும் சாலையில் எங்கள் வார்ப்புப் பட்டறை. முதலில் வார்ப்பிரும்பு மட்டும்தான் ஊற்றினோம். பாசிர் பெனம்பாங் படகுகளுக்குக் கப்பி, செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குப் பல்சக்கரம். பல்சக்கரங்கள் அடிக்கடி உடைந்ததால் ஆலைக்காரர்கள் ஸ்டீல் கேட்டார்கள். முதலாளி இரும்பை ஸ்டீலாக்கும் ஒரு சின்ன கன்வெர்ட்டர் உலை போட்டார்.

உருகிய இரும்பை அதில் ஊற்றிப் பக்கத்திலிருந்து காற்று ஊதினால், இரும்புக்குள் இருக்கும் கரி எரிந்து அது ஸ்டீலாகும். உலை வாயில் தீக்கொழுந்து வெள்ளையாக எழும்பும். அது இறங்கும் நொடியில் காற்றை அடைக்க வேண்டும். தாண்டினால் இரும்பே எரிந்து, வார்ப்புக்குள் ஓட்டை விழும். முதல் சில மாதங்கள் பாதி குப்பைக்குப் போனது. பிறகு எனக்குக் கொழுந்து பிடிபட்டது. வார்ப்பு அச்சுக்கு மணல் தட்டிக்கொண்டிருந்த என்னை 'கன்வெர்ட்டர்காரர்' என்றார்கள்.

அப்புறம் கண் மங்கியது. கொழுந்தைப் பார்க்கப் போடும் நீலக் கண்ணாடி வழியே எல்லாம் பஞ்சுபோலத் தெரிந்தது. வெளியே சொன்னால் மறுபடி மணல்தான். அதனால் காதால் கேட்டே காற்றை அடைக்கப் பழகினேன். கொழுந்து இறங்கும்போது உறுமல் மெலியும். கண்ணை மூடிக் கேட்பேன்.

"நம்ம தம்பி தியானத்துல உக்காந்துட்டாரு லா," என்று லெட்சுமி அக்கா கேலி செய்வார். ஊதி முடித்ததும் போடும் மேங்கனீசை எடை போடுவது அவர் வேலை; அது குறைந்தாலும் வார்ப்பில் ஓட்டை விழும்.

ஒரு நாள் ஊதிக்கொண்டிருக்கும்போதே பெருமழை. தகரக் கூரையில் வேறு எதுவும் கேட்கவில்லை. குத்துமதிப்பாக அடைத்தேன்.

அன்று வார்த்த பல்சக்கரம் சில வாரங்களில் உடைந்து லோரியில் திரும்பி வந்தது. ஆலை இரண்டு நாள் நின்றுபோனதாம். முதலாளி அது உடைந்த இடத்தைக் காட்டினார். உள்ளே பொடிப் பொடியாக ஓட்டை.

"இது ஸ்டீலா, அப்பமா? எடை போட்டது யாரு?"

"நான்தான் முதலாளி. சரியாத்தான் போட்டேன்," என்றார் அக்கா.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "கொழுந்து எறங்குனதப் பாத்துத்தான அடைச்ச?"

"பாத்துத்தான் அடைச்சேன் முதலாளி."

"அப்ப எடைதான் தப்பு. லெட்சுமி, நாளையிலேருந்து வேலைக்கு வராத."

அக்கா தன் சாமான்களை எடுத்தார். பொட்டணம் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளுக்குப் போனார். பின்னாலேயே போனேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒனக்குக் கண்ணு தெரியலன்னு எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும் தம்பி. நீயே சொல்லுவன்னு பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு லா."

அப்போதும் முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொல்ல நேரம் இருந்தது. அவர் ஆபீசில்தான் இருந்தார். நான் போகவில்லை.

கன்வெர்ட்டர் முன் நிற்கப்போகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: கண் தெரியவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மணல் தட்டுவதில் கேவலம் ஒன்றும் இல்லை.

மறுநாள் எடை போட வேறொருவர் வந்தார். நான் நீலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றேன். மழை இல்லை. சத்தம் தெளிவாகக் கேட்டது. ஸ்டீல் நன்றாக வந்தது.