மோட்டாரை நிறுத்தாமல் வந்தவர்

சென்னையிலிருந்து கிளம்பிய விமானத்தில் என் பக்கத்தில் ஓர் அயனம்பாக்கத்துக்காரர். மை பூசிய மீசை. நிமிடத்துக்கொரு தரம் சட்டைப்பையைத் தட்டி, வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

கொஞ்ச நேரத்தில், "ஓர் இன்ஜினில் கோளாறு. அதை நிறுத்திவிட்டோம், சென்னைக்கே திரும்புகிறோம்" என்று விமானி அறிவித்தார்.

மீசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ஊட்ல தண்ணி மோட்டார நிறுத்தாம வந்துட்டேன் சார்! டேங்க் ரொம்பி வழிஞ்சிகினு இருக்கும்!"

"நாமளே பொழைப்போமான்னு தெரியல சார்!" என்றேன்.

"நமக்கு இன்னொரு இன்ஜின் கீது சார். என் ஊட்ல யாரு கீறா?"

பத்திரமாகத் தரையிறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டார். "நான் கிளம்புனதுலேர்ந்து கரண்டே இல்லியாம் சார்!"

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டேன். சக்கரம் தரையைத் தொட்டபோதுகூட எனக்கு அது வரவில்லை.